தாசில்தார் போய்விட்டார்

மூர்த்தி,

ஆறு மாதமாக உன் போனை எடுக்காததற்கு என்னென்ன திட்டினாய் என்று சுப்பு சொன்னான். அதில் பாதி அவன் சொந்தச் சரக்கு என்பதும் தெரியும். இங்கே எல்லோரும் சௌக்கியம். கமலாவுக்கு முழங்கால் வலி. மாடி ஏறும்போதெல்லாம் திட்டு எனக்கு.

விஷயம் இதுதான். சித்திரையில் தாசில்தார் போய்விட்டார்.

சிரிக்காதே. 11 வருஷம்டா. குளத்தூரில் இரண்டு இன்ச் குஞ்சாக வாங்கிய ஆஸ்கர் மீன், ஒரு அடிக்கு வளர்ந்து நின்றது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணாடியோரம் வந்து உடம்பை ஆட்டும். அதைக் கொன்றது நான்தான். போர் வற்றிப்போய் லாரித் தண்ணீர் வாங்கினோம். அதிலிருக்கும் குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் சொட்டு விட மறந்து பாதித் தொட்டியை மாற்றிவிட்டேன். அரை மணியில் மேலே வந்து வாயைப் பிளந்தது. குளோரின் செவுளைத்தான் முதலில் எரிக்கும். ஊருக்கெல்லாம் இதைப் பாடம் சொன்னவன் நான். கமலாவிடம் "வயசாயிடுச்சு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம்தான் முதல்முறை சொல்கிறேன். போனை எடுத்தால் தாசில்தாரை விசாரிப்பாய் என்றுதான் எடுக்கவில்லை.

இப்போது உன் ஆறடித் தொட்டிக்கு வருகிறேன். போட்டோ பார்த்தேன். 6-க்கு 2-க்கு 2 அடி என்றால் 680 லிட்டர். தண்ணீர் மட்டுமே 680 கிலோ, கல்லும் கண்ணாடியும் தனி. மாடியில் வைக்கப் போகிறாயா? இன்ஜினியர் யாரையாவது கேட்டாயா, இல்லை அந்த வாஸ்துக்காரரைத்தான் கேட்டாயா? பிளவர்ஹார்ன் மீன் வைத்தால் பணம் கொட்டும் என்றாராமே. மூர்த்தி, அது எந்த ஆற்றிலும் பிறந்ததில்லை. 1990-களில் மலேசியாவில் சிக்லிட் குடும்பத்து மீன்களைக் கலந்து மனிதன் உண்டாக்கியது. நெற்றி புடைக்கும், உண்மைதான். கூடவே எதைப் போட்டாலும் கடித்துக் கொல்லும். ஆறடித் தொட்டியில் ஒற்றை மீன் குறுக்கும் நெடுக்கும் அலைவதைப் பார்க்கவா இவ்வளவு செலவு?

சிக்லிட் என்றதும் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைக்காதே. நாம் வைகையில் பிடித்துச் சுட்டுத் தின்றோமே, அந்த ஜிலேபியும் அதே குடும்பம். கேரளாக்காரன் வாழையிலையில் பொரிக்கும் கரிமீனும் அதுதான்.

மீனைப் பார்க்காதே, முதலில் தண்ணீரைப் பார். உங்கள் போர் தண்ணீர் குக்கர் அடியில் வெள்ளையாகப் படிகிறது என்று உன் மனைவி புலம்புவாரே, அது உனக்கு வரம். டிஸ்கஸ் மீனுக்கு அது ஆகாது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்டுகளுக்கு அதுதான் பிறந்த வீடு மாதிரி. அங்கே பிஎச் 8-ஐ ஒட்டியே இருக்கும். அந்த ஏரி மீன்களில் யெல்லோ லேப், ரஸ்டி இரண்டும் போதும். ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண். அதே ஏரியின் ஆரட்டஸ் பக்கம் போகாதே, குட்டியில் கோடு போட்ட அழகு, வளர்ந்தால் ரவுடி. கூட்டம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கட்டும். டவுன் பஸ் நெரிசலில் ஒருத்தனையே குறிவைத்து அடிக்க முடியாது பார், அதே கணக்கு. பாறையை முதலில் தெர்மோகோல் மேல் உட்கார வைத்துவிட்டுப் பிறகு மணலைக் கொட்டு. மணல் மேல் பாறை வைத்தால் இவை தோண்டித் தோண்டிக் கவிழ்த்துவிடும். தீனி ஸ்பைருலினா என்ற பாசித் தீனி. பாசம் பொங்கி இறைச்சி போட்டாயோ, வயிறு ஊதிச் சாகும். கடைக்காரன் பாசி தின்னும் சக்கர் மீன் ஒன்றைத் தலையில் கட்டுவான், வாங்காதே. ஒரு அடிக்கு மேல் வளர்ந்து, கடைசியில் யாராவது ஏரியில் கொண்டு விடுகிறார்கள்.

கூட்டாளி மீனாக நான் போட்டது சினோடான்டிஸ். உடம்பெல்லாம் கரும்புள்ளி, மீசை வைத்த கெளுத்தி, ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரிக்காரன். ஐந்து வாங்கினேன். அதில்தான் கூத்து. போன மாதம் ஒரு யெல்லோ லேப் பெண் தாடை வீங்கி, வாயைத் திறக்காமல் மூலையில் நின்றது. முட்டையை வாயில் அடைகாக்கும் ஜாதி, மூன்று வாரம் பட்டினி கிடக்கும். கமலா தினமும் வந்து பார்த்து, "இப்படி ஒட்டிப்போச்சே, ஏதாவது கொடுக்கக் கூடாதா?" என்பாள். தனி டப்பில் விட்டேன். இருபதாம் நாள் காலையில் டப்பை எட்டிப் பார்த்தால் இரண்டு குஞ்சு. இரண்டுக்கும் மீசை!

குயில் வேலைடா. சிக்லிட் முட்டையிடும் நேரம் பார்த்துக் கெளுத்தி நடுவில் பாய்ந்து தன் முட்டையையும் போட்டுவிடும். இவள் எல்லாம் தன்னுடையது என்று வாயில் அள்ளிக்கொள்வாள். கெளுத்திக் குஞ்சு முந்திப் பொரிந்து, அந்த வாய்க்குள்ளேயே இவள் குஞ்சுகளைத் தின்று வளரும். ஒரு மஞ்சள் குஞ்சுகூட மிஞ்சவில்லை. நான் கையை விட்டபோது அவள் பாய்ந்து வந்து அந்த இரண்டு மீசைக்காரர்களையும் திரும்ப வாயில் வாங்கிக்கொள்ளப் பார்த்தாள். கமலா ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உனக்கு சினோடான்டிஸ் வேண்டுமா என்று நீயே யோசி. எனக்கு இன்னும் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

கார்த்திகையில் சுப்பு மகள் கல்யாணத்துக்கு வரும்போது உன் போர் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டு வா, பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ஒரு மீன்கூட வாங்காதே. என் ஃபில்டரிலிருந்து ஒரு ஸ்பாஞ்ச் தருகிறேன், அதிலிருக்கும், மீன் கழிவை முறிக்கும் பாக்டீரியா உன் தொட்டியைச் சீக்கிரம் பழக்கிவிடும். தாசில்தார் காலத்து ஸ்பாஞ்ச். ரயிலில் ஈரம் காயாமல் கொண்டு போ.

உன்,
ராஜு