பிடாரி பேர் வாங்கியவளுக்கு

அன்புள்ள பெஞ்சுக்காரிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. முட்டிவலி, பேரன் காய்ச்சல் எல்லாம் நேரில் சொல்கிறேன்.

போன ஞாயிறு கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போனேன். ஒருத்தன் வஞ்சிரத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, "நேத்து மீனு" என்று பாதி விலைக்குக் கேட்டான். மீன்காரம்மா செவுளைத் திறந்து அவன் மூக்குக்கு நேரே பிடித்தார். ரத்தச் சிவப்பு. "கண்ணப் பாரு, உன் கண்ணவிடப் பளிச்சுனு இருக்கு. எடுத்தா எடு, இல்லேன்னா கையக் கழுவிட்டு நட." அவன் "அடங்காப்பிடாரி" என்று முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தான். "ஆமாய்யா, பிடாரிதான். ஆடி மாசம் வந்து கும்புட்டுட்டுப் போ" என்றாரே பார்க்கலாம்!

எனக்கு உன் ஞாபகம்தான். டீச்சர் போட்ட கணக்கு தப்பென்று போர்டுக்கே போய் அழித்து எழுதி, எட்டாம் வகுப்பில் நீ வாங்கிய பேராச்சே அது.

திட்டு என்று நினைத்தோம். அதில் பாதி சாமி பேர். ஊர் எல்லையில் உட்கார்ந்து காவல் காக்கிறவள். சோழர் கல்வெட்டுகளில் இறையிலி, அதாவது வரியில்லாத நிலக் கணக்கில் பிடாரி கோயிலும் வருகிறது. ஒற்றைச் சிலம்போடு வந்து நின்ற கண்ணகியைப் பற்றிப் பாண்டியனிடம் வாயிற்காவலன் நடுங்கிக்கொண்டே சொல்வானே, கொற்றவை இல்லை, காளி இல்லை என்று? அந்த வரிசையில் 'அறுவர்க்கு இளைய நங்கை' என்று ஒருத்தி உண்டு. உரைகாரர்கள் அவளைத்தான் பிடாரி என்கிறார்கள். ஏழு கன்னியரில் கடைசித் தங்கை. நம் வீட்டிலும் கடைக்குட்டிகள்தானே அடங்காதவை!

அவளை அடுத்து வருகிறவள் 'இறைவனை ஆடல் கண்டருளிய அணங்கு'. படித்ததும் எனக்குத் தில்லைக் காளிதான் கண்ணில் நின்றாள். ஆட்டப் போட்டியில் சிவன் காலைத் தலைக்கு மேலே தூக்கினாராம், இவள் கூசி நின்றாளாம், தோற்றாய் என்று ஊர் எல்லைக்கு அனுப்பிவிட்டார்களாம். என்ன நியாயமோ போ. அணங்கு என்றால் பழைய பாட்டில் வருத்துகிற தெய்வம்; இப்போது வெறும் அழகி. சண்டி பாடு இன்னும் மோசம். துர்க்கையின் பேர், கடைசியில் வண்டியில் பூட்டினால் படுத்துக்கொள்கிற மாட்டுக்குப் போய்விட்டது.

ஆம்பளைக்கும் இப்படி ஒன்று இருக்குமா என்று அகராதியைப் புரட்டினேன். பிடாரன் இருக்கிறான். பாம்பு பிடிக்கிறவனாம், திட்டே இல்லை!

நான் அரைக் கிலோ சங்கரா வாங்கினேன். பேரம் பேசவில்லை, அந்தம்மாவிடம் யார் பேசுவது? மாசி மகத்துக்கு வருவேன் என்றாயே, எந்த வண்டி என்று எழுது. திருப்பாப்புலியூர் ஸ்டேஷனில் நிற்கிறேன். தேவனாம்பட்டினத்தில் தீர்த்தவாரி பார்த்துவிட்டு, மறுநாள் சிதம்பரம் போய் அந்தத் தில்லைக் காளியையும் பார்த்துவிட்டு வரலாம்.

உன்
பழைய பெஞ்சுக்காரி