ரைல் மீது உனக்கு வந்த இரக்கம் பற்றி

அன்புள்ள இளங்கோவுக்கு,

அமெரிக்க எழுத்தாளர் காலீன் ஹூவரின் ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ நாவலைப் படித்துவிட்டு, நாயகி லில்லியை அடிக்கும் கணவனைப் பற்றி, “ரைல் கெட்டவன் இல்லை அம்மா, பாவம்” என்று எழுதியிருந்தாய். அந்த இரக்கத்துக்காக உன்னைக் குறைசொல்ல மாட்டேன். 2016இல் வெளிவந்த அந்த நாவல் நம்மிடம் வரவழைக்க விரும்புவதும் அதைத்தான். எப்படி வரவழைக்கிறது என்பதுதான் என் கேள்வி.

அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரம் ரைலின் கையைச் சுட்டதைக் கண்டு லில்லி சிரித்தபோதுதான் அவன் முதன்முறை அவள்மேல் கை வைக்கிறான். பிறகு, அவளுடைய கைப்பேசி உறைக்குள் பழைய காதலன் அட்லஸின் எண் இருப்பதைக் கண்டு மாடிப்படியில் தள்ளிவிடுகிறான். அதன் பின்னரே, ஆறு வயதில் தன் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்து அண்ணன் இறந்ததைச் சொல்கிறான். அந்தக் கதை எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று கவனித்தாயா? அடிபட்டவளின் காயம் ஆறும் முன்பே அடித்தவனின் காயத்துக்காக நாம் கலங்கத் தொடங்கிவிடுகிறோம். கதையைச் சொல்பவள் லில்லியே என்பதால், அவள் சம்மதத்தோடு கலங்குவதாகவும் எண்ணிக்கொள்கிறோம்.

காதல் நாவல்களை விரும்பிப் படிக்கும் அமெரிக்கப் பெண்களிடம் பேசி ஜேனிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ஆய்வு இந்த உத்தியை அப்போதே விளக்கியது: நாயகனின் முரட்டுத்தனத்துக்குள் காயம்பட்ட அன்பு ஒளிந்திருந்ததாகக் கதை பின்னால் காட்டும்போது, நாயகி பட்டதெல்லாம் பொறுக்கத் தக்கதாகிவிடுகிறது. நம் ஊரில் அதற்கு நாவல்கூடத் தேவைப்படவில்லை. “அடிக்கிற கைதான் அணைக்கும்” என்று சொல்லியே பெண்களை வளர்த்தோம்.

லில்லி கடைசியில் பிரிகிறாள் என்பதை நான் மறுக்கவில்லை. பிறந்த மகளைக் கையில் வைத்திருக்கும் ரைலிடம், நாளை இவளை ஒருவன் அடித்தால் என்ன சொல்வாய் என்று அவள் கேட்கும் இடம் உண்மையிலேயே வலுவானது. ஆனால் அவள் வெளியேறும்போது அட்லஸ் தயாராகக் காத்திருப்பது எனக்கு நெருடுகிறது; ஒருவனிடமிருந்து மீள இன்னொரு நல்லவன் வேண்டுமா என்ன?

இதற்கு நேர்மாறாக, 2017இல் வந்த மீனா கந்தசாமியின் ‘வென் ஐ ஹிட் யூ’ நாவலைப் படித்துப் பார். மங்களூரில் நடக்கும் அக்கதையில் கணவன் இடதுசாரிக் கொள்கை பேசும் கல்லூரி ஆசிரியன்; அவனுக்கு நாவலாசிரியர் பெயரே தரவில்லை. மனைவி ஃபேஸ்புக்கை விட்டு விலக வேண்டும் என்பதற்காக, தீக்குச்சிகளைக் கொளுத்தித் தன் உடம்பிலேயே சுட்டுக்கொள்கிறான். இரண்டு நாவல்களிலும் ஆண் சூடுபடும் காட்சி வருவது தற்செயலான ஒற்றுமைதான்; ஆயினும், ஒன்றில் அந்தச் சூடு அடிக்குச் சாக்காகிறது, மற்றதில் அந்தச் சூடே ஆயுதம் என்று தெளிவாகத் தெரிகிறது. அவன் சொல்லும் நியாயங்களை நம்முன் வைக்கும் எழுத்தாளரான அந்த மனைவி, அவற்றிலுள்ள சூழ்ச்சியையும் சேர்த்தே வைக்கிறாள். மின்னஞ்சலும் எழுத்தும் ஒவ்வொன்றாகப் பறிபோகும் பக்கங்களை நீ நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனெனில் முதல் அடிக்கு வெகு முன்பே வன்முறை தொடங்கிவிடுகிறது. கற்பனைக் காதலர்களுக்குக் கடிதம் எழுதி, அவன் வருமுன் அவள் அழித்துவிடும் பகுதியில் அஞ்சி நடுங்குபவளைவிட, பிடிகொடுக்காத எழுத்தாளரையே நான் கண்டேன். படுக்கையறை வன்முறையையும் நாவல் மறைக்கவில்லை. மனைவியைக் கணவன் வன்புணர்வதைக் குற்றமாகக் கொள்ளாத விதிவிலக்கோ, 2024இல் நடைமுறைக்கு வந்த இந்தியாவின் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது.

அவளுடைய பெற்றோர் தொலைபேசியில், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொல்லும் பகுதிதான் என்னை அதிகம் உறுத்தியது, ஏனெனில் அவர்கள் கொடியவர்கள் அல்லர், நமக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் இருக்கக்கூடியவர்கள். அதையும் படித்துவிட்டு ரைலைப் பற்றி எழுது. உன் கருத்து மாறாவிட்டாலும் எழுது. தீபாவளிக்கு நீ வரும்போது வாதாடிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா