நட்சத்திரப் பட்டன்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய நிச்சயதார்த்தப் படங்களை அம்மாவும் நானும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். உன் தோழி தனியாக நிற்கிற படத்தில் முகம் இருண்டு கிடக்கிறது. ஃப்ளாஷ் கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தாய். கெடவில்லை கண்ணு. அவளுக்குப் பின்னால் சுவரில் நிலைக்கண்ணாடி இருக்கிறது பார், அதன் வேலை.

ஷட்டர் திறப்பதற்குச் சற்று முன்னால் ஃப்ளாஷ் லேசாக ஒருமுறை மின்னும். அது பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தை அளந்துதான், நிஜமாக எவ்வளவு அடிப்பது என்று கேமரா முடிவு செய்யும். கண்ணாடி அதை அப்படியே திருப்பி அனுப்பியதால், வெளிச்சம் ஏராளம் என்று நம்பிக் குறைத்துவிட்டது. ஜரிகை, நகை, எவர்சில்வர் தட்டு எல்லாமே இப்படி ஏமாற்றும்.

உன் கேனானின் பின்பக்கம் கட்டைவிரல் எட்டுகிற இடத்தில் நட்சத்திரக் குறி போட்ட பட்டன் இருக்கிறதே, ஃப்ளாஷ் ஆனில் இருக்கும்போது அதுதான் ஃப்ளாஷ் லாக், அதாவது அளந்த ஃப்ளாஷ் அளவை அப்படியே பிடித்து வைப்பது. முகத்தை நடுவில் வைத்து அதை அழுத்து. முன்மின்னல் அப்போதே அடித்துவிடும். நடுவில் இருப்பதை மட்டும் அளக்கும். கண் வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டரில், லாக் ஆகிவிட்டது என்பதற்கு அடையாளமாக எஃப்.ஈ.எல். என்று வந்து போகும். அப்புறம் முகத்தை ஓரத்துக்குத் தள்ளி எடு. அளவு 16 விநாடி நிற்கும். ஃப்ளாஷ் குறி சிமிட்டினால் தூரம் அதிகம், கிட்டே போ. லாக் செய்தபின் முன்னே பின்னே நகராதே. 2 மீட்டரில் அளந்துவிட்டு 4 மீட்டருக்குப் பின்வாங்கினால், முகத்தில் விழுவது கால் பங்கு வெளிச்சம்தான்.

உன் பெரியப்பா எந்தப் படத்திலும் கண்ணை மூடியிருப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? முன்மின்னலுக்கு இமைத்துவிடுவார்; நிஜ ஃப்ளாஷ் அடிக்கும்போது இமை இறங்கியிருக்கும். போன மாதம் அவருடைய அறுபதாம் கல்யாணத்தில் நட்சத்திரத்தை அழுத்தி, அவர் இமைத்து முடிக்கிறவரை பொறுத்து எடுத்தேன். இரண்டு கண்ணும் திறந்து, நேராகப் பார்க்கிறார். பெரியம்மா அதைத்தான் ஃப்ரேம் போடச் சொல்லியிருக்கிறார்.

ஒன்று மட்டும். முதல் மின்னலைப் பார்த்ததும் படம் முடிந்துவிட்டது என்று ஆட்கள் கலைந்துவிடுவார்கள். "இன்னும் எடுக்கவில்லை, அப்படியே நில்லுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடு.

வெள்ளிக்கிழமை கல்யாணம் அல்லவா? அதற்கு முன் உன் அறைத்தோழியைக் கண்ணாடிமுன் நிறுத்தி, லாக் செய்து ஒன்று, செய்யாமல் ஒன்று எடுத்து எனக்கு அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா