மனசுக்குள் மூன்று எண்ணு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ பேசி வைத்ததிலிருந்து உன் குரல்தான் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. வகுப்பில் சின்னக் குழுவாகத் தனியே உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பதைப் பற்றி, "ஆறே ஆறு பிள்ளைங்கம்மா, அதுங்களையே என்னால சமாளிக்க முடியலையே" என்றாய். அந்தத் தவிப்பு எனக்குத் தெரியும். ஆறு பேர் என்றால் சுலபம் என்று யார் சொன்னது? நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் நம் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆறு பேரில் ஒரு முகமும் தப்பாது. யாருக்குப் புரியவில்லை என்பது அப்படியே தெரிகிறது, உடனே மனசு பதறுகிறது. பதறினால் வாய் ஓயாது. அரை மணி நேரமும் நானேதான் பேசினேன் என்று போகிற போக்கில் சொன்னாயே, போனை வைத்த பிறகு எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

முதலில் உட்காரும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சுவருக்கு முதுகு காட்டி நீ உட்கார். பிள்ளைகள் அரைவட்டமாக உன்னைப் பார்த்து உட்காரட்டும். அப்போது வகுப்பின் மற்ற சத்தமெல்லாம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். துறுதுறுவென்று இருப்பவன் உன் பக்கத்தில், வாயே திறக்காத பிள்ளை உனக்கு நேர் எதிரே. நம்மையறியாமல் நம் கண் அதிகம் போவது எதிரே இருப்பவரிடம்தான். பென்சில், தாள் எல்லாம் அவர்கள் வந்து உட்காருவதற்கு முன்பே மேசையில் இருக்கட்டும். நீ எழுந்து போய் ஒரு அழிப்பானைத் தேடும் நேரத்தில் குழு கலைந்துவிடும்.

இனி நான் வேலையில் சேர்ந்த முதல் வருஷத்துக் கதை. கழித்தல் கணக்கில் பின்தங்கிய ஐந்து பேரைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பையன், 52-இல் 27 போனால் எவ்வளவு என்று கேட்டால் 35 என்றே எழுதுவான். ஒவ்வொரு தடவையும் நான் அதை அடித்துவிட்டு, கடன் வாங்கும் முறையை முதலிலிருந்து சொல்லி, 25 என்று நானே எழுதியும் காட்டுவேன். தலையை ஆட்டுவான். அடுத்த கணக்கிலும் அதே தப்பு.

ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை. அவன் 35 என்று எழுதினான். நான் அந்த எண்ணைத் தொட்டுக் காட்டிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பென்சிலை உருட்டினான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கணும்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க. ஏழுதான் பெரிசு. அதுலேர்ந்து ரெண்டு போனா அஞ்சு."

நான் சொன்ன வாக்கியம்தான் அது. முதல் வாரம் நானே சொல்லிக்கொடுத்தது. அதை நம்பி, ஒன்றாம் இடத்தில் எது பெரிதோ அதிலிருந்து சின்னதைக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறான். அத்தனை நாளும் அவன் காரணத்தோடுதான் தப்புச் செய்திருக்கிறான். காரணத்தைச் சொல்ல நான் இடம் கொடுக்கவே இல்லை. மறுநாள் பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் அவன் முன் வைத்தேன். ஏழு உதிரி எடு என்றேன். இரண்டுதான் இருக்கிறது என்று திகைத்தவன், கொஞ்ச நேரத்தில் தானாகவே ஒரு கட்டை அவிழ்த்தான். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

பல வருஷம் கழித்துத்தான் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றிப் படித்தேன். வகுப்பறைகளில் நடந்த பேச்சைப் பதிவுசெய்து கேட்டவர் அவர். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக 1 விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் எழுதினார். அதை 3 விநாடியாக்கியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். பிள்ளை பதில் சொல்லி நிறுத்திய பிறகும் அதேபோல் காத்திருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன இன்னொரு விஷயம். எனக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "சரி, அடுத்து" என்று நாக்கு நுனியில் வந்து நிற்கும். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணு. பாதிப் பிள்ளைகள் அந்த மூன்றாவது எண்ணில்தான் "இல்ல டீச்சர், அது வந்து..." என்று நிஜமான பதிலை ஆரம்பிப்பார்கள்.

கேள்வியை முதலில் கேள், பெயரை அப்புறம் சொல். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற ஐந்து பேரும் நிம்மதியாகிவிடுவார்கள். முந்திரிக்கொட்டை மாதிரி பதில் சொல்லும் பையனைப் பற்றிக் கேட்டாயே, அவனை அடக்காதே. எல்லோரும் முதலில் சிலேட்டில் எழுதி, நீ சொன்னதும் ஒன்றாகத் திருப்பிக் காட்டட்டும். அவன் வேகமும் வீணாகாது, மெதுவாக யோசிக்கும் பிள்ளையின் பதிலும் பறிபோகாது.

சண்டை வந்தால் எல்லோர் முன்னாலும் திட்டாதே, குனிந்து அவர்கள் கண் மட்டத்துக்கு வந்து தணிந்த குரலில் கேள். குழுவில் பாடத்தை இருபது நிமிஷத்துக்கு மேல் இழுக்காதே.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அதே ஆறு பேரை வருஷம் முழுக்க ஒரே குழுவாக வைக்காதே. நீ எந்தப் பூவின் பெயரை வைத்தாலும் சரி, எது மெதுவான குழு என்று பிள்ளைகளுக்கு முதல் வாரமே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அந்தப் பெயருக்குத் தகுந்த மாதிரியே நடந்துகொள்ளத் தொடங்கிவிடுவார்கள். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

கேள்வி கேட்டால் தாளின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே இருக்கிறாள் என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாயே, நாளைக்கு அவளை உனக்கு எதிரே உட்காரவை. முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் பதிலைச் சொல்லச் சொல். அப்புறம் உன்னிடம் சொல்லட்டும். என்ன சொன்னாள் என்று அவள் வார்த்தையிலேயே எனக்கு எழுது. காத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா