கேரம் கிளப் கமிட்டி அண்ணன்களுக்கு: ஞாயித்துக்கிழம ஒரு போர்ட மட்டும் விட்டுக்குடுங்க

கமிட்டில இருக்குற எல்லா அண்ணன்களுக்கும் வணக்கம்.

15 செகண்டுக்குள்ள அடிக்கணும்னு செவுத்துல ஒட்டியிருக்குற ரூல்ஸ் பேப்பர் விஷயமா தான் எழுதுறேன். போன ஞாயித்துக்கிழம என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், முழுசா திரும்ப சொல்லல. நீங்க எல்லாம் ஸ்டாப்வாட்ச பாத்துட்டு இருந்தீங்க, நான் எங்கப்பா கைய பாத்துட்டு இருந்தேன், அத மட்டும் சொல்லிடுறேன்.

ஸ்ட்ரோக் வந்ததுல இருந்து அவருக்கு வலது கை நடுக்கம் நிக்கல. ஸ்ட்ரைக்கர ரெண்டு கோட்டையும் தொடுற மாதிரி வைக்கணும்ல, வைப்பாரு, விரல் ஆடி ஒரு நூல் நகந்துடும், இடது கையால மெதுவா தள்ளி திரும்ப சரி பண்ணுவாரு, அதுக்குள்ள பக்கத்துல நின்னு ஒருத்தர் மொபைல பாத்து சத்தமா பன்னெண்டு, பதிமூணுன்னு எண்ணுறாரு. 15 செகண்ட் ஆனதும் ஃபவுல். அப்படியே மூணு தடவ. எதிர்ல உக்காந்திருந்த சின்னப்பையன் "பரவால்ல தாத்தா, நீங்க அடிங்க"ன்னு சொன்னான், அதுக்கும் கமிட்டி ஒத்துக்கல. அப்பா ஒண்ணும் பேசாம அவரோட ஸ்ட்ரைக்கர எடுத்து சட்ட பாக்கெட்டுல போட்டுக்கிட்டு, விரல்ல இருந்த பவுடர லுங்கில தொடச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டாரு.

ரூல்ஸே வேணாம்னு நான் சொல்லலண்ணே. நானும் டோர்னமென்ட் ஆடுறவன் தான். ரெட் காயினுக்கு அஞ்சு பாயிண்டா மூணான்னு வாராவாரம் சண்ட நடந்து ஒரு தடவ சட்டைய புடிக்கிற வரைக்கும் போனது எனக்கும் ஞாபகம் இருக்கு. 3 பாயிண்ட் தான், ஸ்கோர் 22 வந்துட்டா அதுவும் கிடையாதுன்னு நீங்க எழுதி ஒட்டின அப்புறம் தான் அது நின்னுச்சு, அதுக்கு மனசார நன்றி. மரிய இருதயம் 1991லயும் 1995லயும் உலக சாம்பியன் ஆனாரு, 2024ல காசிமா அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பைல 3 தங்கத்தோட வந்தாங்க, ரெண்டு பேரும் நம்ம சென்னைக்காரங்க. நம்ம பசங்களும் அப்படி வரணும்னா 15 செகண்ட்ல அடிச்சு பழகணும், ஒத்துக்குறேன். பிராக்டிஸ் நாள்ல எவ்ளோ கறாரா வேணா இருங்க. ஞாயித்துக்கிழம சாயந்தரம் வர்ற பெருசுங்க எந்த கப்புக்கு ஆடுறாங்க சொல்லுங்க?

மூணு போர்டு இருக்கு. ஞாயிறு சாயந்தரம் ஜன்னலோரம் இருக்குற ஒரு போர்ட மட்டும் டைம் பாக்காம விட்டுடுங்க. ரெட்டுக்கு அடுத்து ஃபாலோ காயின் விழலன்னா ரெட்ட எடுத்து நடுவுல வைக்க அவங்களுக்கே தெரியும், இந்த கிளப்போட மொத போர்டே அவங்க ஆளுக்கு கொஞ்சம் காசு போட்டு வாங்கினது தான.

இதுல ஆட்டத்துக்கு நடுவுல பேசினா 10 ரூவா ஃபைன்னு வேற. தெருவுல இருந்த திண்ண எல்லாம் இடிச்சாச்சு, மிச்சமிருந்த இடத்துலயும் கார நிறுத்திட்டாங்க, டீக்கடையில குடிச்சு முடிச்சதும் கிளாஸ எடுத்துட்டு எப்ப கெளம்புவீங்கன்ற மாதிரி பாக்குறாங்க, வயசானவங்க எங்க தான் போய் உக்காருவாங்க? அவங்களுக்கு கேரமும் பேச்சும் ஒண்ணு தான், காயின் விழுந்தா கத்துவாங்க, விழலன்னா பவுடர் சரியில்லன்னு ஆரம்பிச்சு பழைய ஹார்பர் கத வரைக்கும் போவாங்க, அதுக்கும் காசு புடுங்குனா எப்படி... சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்குங்க.

அப்பா அந்த ஸ்ட்ரைக்கர கைக்குட்டைல சுத்தி பீரோவுல வெச்சுட்டாரு. கேட்டா கை வலிக்குதுன்றாரு.

ஒரு போர்டு, வாரத்துல ரெண்டு மணி நேரம், அவ்ளோ தான் கேக்குறேன். வர்ற ஞாயிறு 5 மணிக்கு அவர கூட்டிட்டு வரலாமான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள தயவு பண்ணி ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே.