கரண்ட் பில்லில் இன்னொரு வரி எழுதித் தாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மின் கட்டணத் திட்டத்தை வீட்டுக்காரர்களே பார்த்துத் தேர்ந்தெடுக்கும் காலம் வரப்போகிறது என்று சென்ற வார இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. பகலில் மலிவு, மாலையில் கூடுதல், வாஷிங் மெஷினைப் பகலில் போட்டால் மிச்சம் என்றெல்லாம் இருந்தது. படித்து முடித்ததும் எங்கள் வீட்டு ஈபி கார்டைத் தேடி எடுத்தேன். அது சாமி மாடத்தில் ரேஷன் கார்டுக்கு அடியில் இருக்கும். ஒரு பழைய நோட்டையும் பேனாவையும் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கக் கணக்குப் போட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை எங்களை யாரும் எதையும் தேர்ந்தெடுக்கச் சொன்னதில்லை. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். என் அக்கா புதுச்சேரி அரியாங்குப்பத்தில் இருக்கிறாள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அவளுக்கு ஒரு கட்டணம், எனக்கு வேறு கட்டணம். எந்த ஊரில் கட்டிக் கொடுத்தார்களோ அந்த ஊர் பில். இத்தனைக்கும் நெய்வேலிக் கரண்ட் இரண்டு பக்கமும்தான் போகிறது.

எங்கள் பக்கம் 60 நாளுக்கு ஒரு ரீடிங். 2022 செப்டம்பரில் வந்த பட்டியலில் முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரைக்கும் பாதி விலையாக இருந்தது. அக்கா வீட்டில் மாதாமாதம் பில் வரும். 100, 200, 300 யூனிட் என்று படிகள் உண்டு, படி ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். அது போக, எத்தனை கிலோவாட் லோடு வாங்கியிருக்கிறோமோ அதற்கு ஒரு நிலைக் கட்டணம். “உனக்கென்னடி, நூறு யூனிட் ஓசி. எங்களுக்கு முதல் யூனிட்டிலிருந்தே காசு” என்பாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், 2023 மே மாதம் வரைக்கும்.

அந்தக் கோடையில் மகள் இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்தாள். கைக்குழந்தை இருக்கும் அறையில் ஏசி போடாமல் முடியுமா? வழக்கமாக 430 யூனிட் ஓடுகிற வீட்டில் அந்தத் தடவை 512. யார் மேலும் தப்பில்லை, ரீடிங்கும் சரியாகத்தான் எடுத்திருந்தார்கள். 2022 செப்டம்பர் 10 முதல் அமலில் இருந்த விலைப்பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 யூனிட்டோடு நின்றிருந்தால் 1,725 ரூபாய். 512க்கு 2,046. அந்த 12 யூனிட்டுக்கு 321 ரூபாய், அதாவது யூனிட் ஒன்றுக்கு 26 ரூபாய் 75 காசு! தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய் என்பது நியாயம்தான், அது 96 ரூபாய். மீதி 225 எங்கிருந்து வந்தது என்றால், 500ஐத் தாண்டியதும் அந்தப் பாதி விலைச் சலுகை போய்விட்டது. அக்கா வீட்டில் படி தாண்டினால் தாண்டின யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல். எங்கள் வீட்டில் கால் தவறினால் ஏற்கெனவே ஏறி வந்த படிக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும். 2024 ஜூலையில் விலை ஏறியது. 2025 ஜூலை உயர்வை வீடுகளுக்கு மட்டும் அரசே ஏற்றுக்கொண்டது. ஆனால் இந்த 500 சங்கதி அப்படியேதான் இருந்தது.

மாதாமாதம் ரீடிங் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். 2021 தேர்தலில் அது வாக்குறுதியாகவே வந்தது. படிகளையும் பாதியாக்கி, 50 இலவசம், 250 எல்லை என்று வைத்துவிட்டால் என்ன பெரிதாகக் குறையும் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு லாபம் உண்டு. எங்கே நிற்கிறோம் என்பது முப்பதாம் நாளே தெரிந்துவிடும். இப்போது நான் நாற்பதாம் நாள் டார்ச் லைட்டோடு மீட்டர் பெட்டி முன்னால் நிற்கிறேன், பேத்தி சிரிக்கிறாள்.

இதுவரைக்கும் நாங்களாகத் தேர்ந்தெடுத்தது என்றால் ஃபேன்தான். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்கிற புது வகை ஃபேன் 30 வாட் சொச்சம். ஒரு ஃபேன் நாளுக்கு 15 மணி நேரம் ஓடுகிற வீடு எங்களுடையது. மூன்றை மாற்றினதில் 60 நாளைக்கு 100 யூனிட்டுக்கு மேல் குறைந்தது. விலை இரண்டு மடங்கு என்று வீட்டுக்காரர் ஒரு வருஷம் முணுமுணுத்தார். அப்புறம் பில்லைப் பார்த்து அடங்கினார். மாடியில் சோலார் போடச் சொல்லி மருமகன் வற்புறுத்துகிறார், 2024இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமாம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எங்கள் தெருவில் என்ன செய்தது என்று பார்த்தவள் நான். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, நேரத்துக்கு ஏற்ற கட்டணத்துக்கு வருகிறேன். 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய விதிகளின்படி, வெயில் நேரம் என்று மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் குறிக்கும் 8 மணி நேரத்துக்கு வழக்கமான விலையைவிட 20 சதவீதமாவது குறைய வேண்டும். உச்ச நேரத்தில் வீடுகளுக்கு 10 சதவீதமாவது கூட வேண்டும். வீடுகளுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் என்று விதியில் இருக்கிறது, எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்று குறித்துவைக்கும் ஸ்மார்ட் மீட்டர் மாட்டினவர்களுக்கு மாட்டின உடனே. எங்கள் தெருவில் இன்னும் பழைய மீட்டர்தான். இந்த நேரக் கட்டணத்துக்குக் காரணம் எனக்கும் புரிகிறது. பகலில் சூரிய மின்சாரம் கிடைக்கிறது, சாயங்காலம் அது இறங்கும்போதுதான் ஊரே விளக்குப் போடுகிறது.

யூனிட் நாலரை ரூபாய், உச்ச நேரம் சாயங்காலம் 6 முதல் 10 வரை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நான் பகலெல்லாம் வீட்டில் இருப்பவள். மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர், இஸ்திரி எல்லாவற்றையும் பகலுக்குத் தள்ளினால் 60 நாளில் 60 யூனிட்டுக்குள்தான் வரும். பகலில் எப்படியும் ஓடுகிற ஃபேன், ஃப்ரிட்ஜ் ஒரு 100 யூனிட். இரண்டுக்கும் சேர்த்து 144 ரூபாய் குறையும். சாயங்காலம் நாலு மணி நேரத்தில் நாளுக்கு ஒன்றரை யூனிட்டாவது ஓடும், அதில் 40 ரூபாய் ஏறும். ஆக எனக்கு 100 ரூபாய் மிச்சம். நல்ல விஷயம்தான்.

எதிர்வீட்டுப் பெண் புதுச்சேரியில் ஒரு கடையில் வேலை பார்க்கிறாள். காலை எட்டரைக்கு வீட்டைப் பூட்டினால் திரும்ப ஏழு மணி. பகலில் அவள் வீட்டில் ஓடுவது ஃப்ரிட்ஜ் மட்டும்தான். சமையல், துணி, மோட்டார், பிள்ளைகள் படிப்பு எல்லாம் ஏழிலிருந்து பத்துக்குள். அவளுக்கு அதே கணக்கைப் போட்டால் 60 ரூபாய் போல நஷ்டம். எதைப் பகலுக்குத் தள்ளுவாள், சோற்றையா? அவளுக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே கிடையாது. வீட்டுச் சொந்தக்காரர் தனியாக வைத்த சப் மீட்டரில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் சொல்வதுதான் கட்டணம்.

இந்த இடத்தில்தான் உங்கள் கட்டுரையோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. தேர்ந்தெடுக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். விதியில் மக்கள் தேர்ந்தெடுப்பதாக எங்கே இருக்கிறது? மீட்டர் மாட்டினால் கட்டணம் மாறும் என்றுதான் இருக்கிறது.

என் தம்பி மெல்போர்னில் இருக்கிறான். அங்கே கரண்ட் விற்பவர்களே பல கம்பெனிகள், ஒவ்வொருவரிடமும் நாலைந்து திட்டம். அதில் மண்டை காய்ந்துபோகிறது என்று புலம்புவான், எனக்கு அந்தத் தலைவலி வேண்டாம். ஆனால் அவன் சொன்ன இரண்டு விஷயங்களை இங்கே யாராவது எடுத்துக்கொண்டால் தேவலை. அந்த விக்டோரியா மாநிலத்தில் வீடுவீடாக ஸ்மார்ட் மீட்டர் மாட்ட ஆரம்பித்தபோது, ஏழைகளுக்குச் சுமை கூடும் என்று எதிர்ப்பு வந்து, 2010இல் நேரக் கட்டணத்தை அரசு நிறுத்தி வைத்தது. 2013இல் திரும்பக் கொண்டுவந்தபோது விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். இன்னொன்று, 2019இலிருந்து அங்கே பில்லிலேயே ஒரு வரி எழுதியாக வேண்டும். ‘எங்களிடமே உள்ள இன்ன திட்டத்துக்கு மாறினால் உங்களுக்கு இவ்வளவு மிச்சமாகும்’ என்று விற்கிறவனே எழுதிக் கொடுக்க வேண்டும். “அக்கா, அந்த வரியைப் பார்த்துத்தான் நான் போன வருஷம் மாறினேன்” என்றான்.

அந்த வரிதான் எனக்கும் வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் வரட்டும். ஒரு வருஷம், அதாவது ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் உள்ளே வருகிற மாதிரி, பழைய கட்டணத்தையே வாங்குங்கள். கீழே இன்னொரு வரியில், நேரக் கட்டணமாக இருந்திருந்தால் இவ்வளவு என்று போடுங்கள். 500 யூனிட் எல்லையும் சலுகையும் அந்தக் கணக்கில் எப்படி வருகின்றன என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ஆறு பில்லைப் பார்த்தால் எதிர்வீட்டுப் பெண்ணும் நானும் அவரவருக்குத் தோதானதைச் சொல்லிவிடுவோம். மீட்டருக்குத்தான் எல்லாம் தெரியுமே, இதைக் கணக்குப் போட அதற்கு என்ன கஷ்டம்?

2022இல் கட்டணத்தை ஏற்றியபோது ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னை என்று மூன்று ஊரில் கருத்துக் கேட்டது. எங்களுக்குக் கிட்ட சென்னைதான், போக வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அடுத்த தடவை கடலூரிலோ விழுப்புரத்திலோ ஒரு கூட்டம் போட்டால் ஈபி கார்டையும் இந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். எதிர்வீட்டுப் பெண்ணும் வருவாள், ஆனால் ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்