கோமுவுக்கு, மகாமகக் குளக்கரையிலிருந்து

கும்பகோணம்
26 அக்டோபர்

அன்புள்ள கோமு,

இங்கு எல்லாரும் நலம். மாமியார் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருகிறார். பெரியவனுக்கு ஹைதராபாத்துக்கு மாற்றல். சின்னவள் வழக்கம்போல. அண்ணன் புது வண்டி எடுத்ததாகச் சரசு சொன்னாள். சந்தோஷம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ செய்தி அனுப்பிப் பதினெட்டு நாள் ஆகிறது. "எடை மெஷினைப் பரண்மேல் ஏத்திட்டேன். இனிமே எவ்வளவுன்னு கேட்காதே." படித்ததும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு சமையலறைக்குப் போய்விட்டேன். பதில் எழுதக் கை வரவில்லை. அதற்கு முன்பும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து உன் அழைப்பை நான் எடுக்கவில்லை. மாமியார், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று காரணம் சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனால் எடுத்தால் நீ முதலில் "எவ்வளவு?" என்றுதான் கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் எடுக்கவில்லை. நாற்பது வருஷச் சிநேகிதியிடம் இதை மறைத்தேனே என்று இப்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

சரி, கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் நாம் இருவரும் நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் ஆரம்பித்த அன்று நான் 84.6 கிலோ. மே பாதியில் 77.8. அதுவரை நீயும் நானும் தினமும் பேசினோம், உனக்கே தெரியும். அப்புறம் எடை இறங்குவது நின்றது. 77.8, 78.1, 77.6, 77.9. பத்து வாரம். வரைபடத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன், கோடு மேசைபோலப் படுத்துக் கிடந்தது. சாப்பாடு குறையவில்லையோ என்று ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்தினேன். எட்டாவது நாள் ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகை முன்னால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முன்பெஞ்சுப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஆடி இரண்டாம் வெள்ளியன்று மாமியார் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். ராத்திரி முழுக்க பிளாஸ்டிக் நாற்காலி. நாலு மணிக்குக் கேன்டீனில் பஜ்ஜி, பத்து மணிக்குப் பரோட்டா, தூக்கம் வராமல் இருக்கச் சர்க்கரை போட்ட காபி நாளுக்கு ஆறு டம்ளர். நடையும் கிடையாது. வீட்டுக்கு வந்து ஏறி நின்றால் 81.2. நாலரை மாதம் பாடுபட்டு இறக்கியதில் சரிபாதி திரும்ப வந்துவிட்டது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்டி. மாமியார் வலிக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

உன் கதையும் இதேதான் என்று தெரிகிறது. ஏழு வாரமாக நின்றிருக்கிறது. அதற்கு மேல் பொள்ளாச்சிக் கல்யாணத்துக்கு ரெண்டு நாள் போய்வந்ததும் 1.8 கிலோ கூடிவிட்டது. உடனே மெஷின் பரணுக்குப் போய்விட்டது. இங்கேதான் உன் மேல் எனக்குக் கோபம். பத்தாம் வகுப்பில் கணக்கில் எனக்கு மேலே ரெண்டு மார்க் வாங்கியவள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. 1.8 கிலோ என்றால் 13,860. அதுவும் வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேலே. பாயசமாகவே குடித்திருந்தாலும் ஐம்பது டம்ளர் ஆகும். நீ பாயசப் பிரியைதான், ஆனாலும் ஐம்பதா? அது தண்ணீர், கோமு. அப்பளம், ஊறுகாய், வத்தக்குழம்பு என்று போன உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோறும் இனிப்பும் உடம்பில் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமும் கூடவே மூன்று கிராம் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும். ஜனவரி முதல் வாரத்தில் நமக்கு மளமளவென்று ரெண்டு கிலோ இறங்கியதே, அதிலும் பாதிக்கு மேல் இந்தத் தண்ணீராகத்தான் இருந்திருக்கும். அன்றைக்குக் கொண்டாடினோம், இன்றைக்கு அதுவே திரும்பி வந்ததும் மனசு ஒடிந்துவிட்டாய். அதனால்தான் நான் இப்போது ஏழு நாள் சராசரியை மட்டும் புள்ளி வைக்கிறேன்.

என்னுடைய மூன்றரைக் கிலோ முழுக்கத் தண்ணீர் என்று சொல்லமாட்டேன். பரோட்டா பரோட்டாதான்.

ஆனால் நின்றுபோன அந்தப் பத்து வாரம் இருக்கிறதே, அதுதான் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. என்னிடம் என்ன குறை, எங்கே தளர்ந்தேன் என்று. சமையலறையில் அளந்து பார்த்தேன். குறை கொஞ்சம் இருந்தது. தாளிக்கிற எண்ணெய் ஜனவரியில் ஸ்பூனால் ஊற்றியது, ஜூனில் தூக்கிலிருந்து நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சின்ன ஸ்பூன் எண்ணெயே 45 கலோரி. சோற்று ஆழாக்கும் தலை தட்டாமல் கும்பலாக வந்திருந்தது. நானாக முடிவு செய்து கூட்டவில்லை. கை தானாகக் கூட்டியிருக்கிறது.

ஏன் கூட்டியது என்று தேடிப் படித்தபோதுதான் கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் 2016-இல் வெளியிட்ட ஒரு கணக்கு கிடைத்தது. ரத்தத்துச் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரை ஒன்று இருக்கிறது அல்லவா? அதை ஒரு வருஷம் சாப்பிட்ட நோயாளிகளின் எடைக் கணக்கை எடுத்து அலசியிருக்கிறார்கள். தினமும் தங்களுக்குள்ளிருந்து கலோரி வெளியே போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. டயட்டும் இல்லை, வைராக்கியமும் இல்லை. எடை கொஞ்சம் இறங்கியது, அப்புறம் நின்றது. ஏனென்றால் உடம்பு கண்டுபிடித்துவிட்டது. ஒரு கிலோ இறங்கினால் உடம்பு செலவழிப்பது நாளுக்கு 20, 30 கலோரி குறைகிறது. பசியோ ஏறக்குறைய 100 கலோரி அளவுக்கு ஏறுகிறது. என் ஏழு கிலோவுக்குப் பெருக்கிப் பார். செலவில் 175 குறைவு, பசியில் 700 கூடுதல். அந்த 700 என்பது நாலைந்து தோசை. பத்து வாரமும் ஒவ்வொரு நாளும் "இன்னும் நாலைந்து தோசை போடு" என்று உடம்பு கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நான் எண்ணெயில் கொஞ்சம், ஆழாக்கில் கொஞ்சம் மட்டும்தான் விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

இதைப் படித்த அன்று எனக்குப் பகவத் படித்துறை ஞாபகம் வந்தது. ஆடிப்பெருக்கு வெள்ளத்தில் ரெண்டு பேரும் கை கோத்துக்கொண்டு ஆறாவது படியில் நின்றோமே. கரையில் இருந்து பார்த்த உங்கம்மாவுக்கு நாம் சும்மா நிற்பதாகத்தான் தெரிந்திருக்கும். நமக்கல்லவா தெரியும், அந்தப் படியை விடாமல் நிற்க எவ்வளவு கால் வலித்தது என்று.

உங்கம்மா என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

போன டிசம்பரில் அம்மாவுக்குச் சர்க்கரையால் கால் விரல் ரெண்டை எடுத்தார்களே, அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் நாம் இதை ஆரம்பிப்பதாகப் பேசிக்கொண்டோம். மறந்துவிட்டாயா? புடவை நன்றாக இருக்க வேண்டும் என்று நாம் ஆரம்பிக்கவில்லை. உனக்கும் எனக்கும் சர்க்கரை எல்லைக் கோட்டில் நின்றது. மூன்று மாதச் சர்க்கரை, அதாவது மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற HbA1c டெஸ்ட், எனக்கு 6.3, உனக்கு 6.2. 6.5 ஆனால் நோய் என்று சொல்லிவிடுவார்கள். அம்மாவின் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு நீதான் சொன்னாய், "நமக்கு இது வரக்கூடாது தையு" என்று. எடையைப் பற்றி நீ அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போது நாம் சர்க்கரையை விட்டுவிட்டு மெஷினைப் பிடித்துக்கொண்டோம்? பிப்ரவரியிலேயே என்று நினைக்கிறேன். எண் தினமும் கிடைத்தது, அதனால் அதிலேயே ஒட்டிக்கொண்டோம்.

மாமியாரை மறு பரிசோதனைக்கு அழைத்துப்போன அன்று லேபில் நானும் கையை நீட்டினேன். 6.8 வந்திருக்கும் என்று உள்ளுக்குள் தயாராகிவிட்டேன். பரோட்டா மாதத்துக்குப் பிறகு வேறு என்ன வரும்? சாயங்காலம் தாள் வந்தது. 5.8. வேறு யாருடைய தாளோ என்று பெயரை ரெண்டு தரம் படித்தேன். எடை அன்றைக்கு 79.9.

டாக்டரிடம் காட்டி, மே மாதத்தைவிட எடை கூடியிருக்கிறதே, இது எப்படி என்று கேட்டேன். அவர்தான் சென்னை ஆய்வைப் பற்றிச் சொன்னார். பிறகு நானே தேடிப் படித்தேன். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்டது. நம்மைப்போல எல்லைக் கோட்டில் நின்ற 531 பேர், மூன்று வருஷம். நாலு குழுவில் ஒன்றுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு குழுவுக்கு நாளுக்கு அரைமணி நடை, சர்க்கரை வேண்டாம், வெள்ளைச் சோறும் எண்ணெயும் குறைவு, நார்ச்சத்து அதிகம். அவ்வளவுதான், நம் ஜனவரிப் பட்டியல் மாதிரியே. மூன்று வருஷ முடிவில் முதல் குழுவில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. இரண்டாவது குழுவில் 39 பேருக்கு. இப்போது கவனமாகக் கேள் கோமு: அந்த இரண்டாவது குழுவுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. மூன்று வருஷமும் மெஷின் அவர்களுக்கு ஒன்றும் சொல்லியிருக்காது. அவர்களும் உன்னைப்போலப் பரணில் ஏற்றிவிட்டுப் பழையபடி உட்கார்ந்திருந்தால்?

எடை இறங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் இதேபோல் நடந்த பெரிய ஆய்வில், இறங்கிய ஒவ்வொரு கிலோவுக்கும் சர்க்கரை வருகிற வாய்ப்பு 16 சதவீதம் குறைந்ததாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இறங்கினால் நல்லது, நானும் இன்னும் ஐந்து கிலோவாவது இறக்கத்தான் பார்க்கிறேன். நடக்கிற நாளில் தசை சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது, அதற்கு மெஷினின் அனுமதி தேவையில்லை என்று மட்டும்தான் சொல்கிறேன்.

55-இல் 39 போனால் 16. நம் மகாமகக் குளத்தைச் சுற்றிப் பதினாறு மண்டபம். நான் தினமும் காலை ஐந்தரைக்கு நாலு சுற்று நடக்கிறேன், அரைமணி ஆகிறது. ஒவ்வொரு மண்டபத்தையும் தாண்டும்போது ஒரு ஆளாக எண்ணிக்கொண்டே போகிறேன். ஒரு மண்டபத்துக்கு உன் பெயர் வைத்திருக்கிறேன். வடகரையில் பால்காரர் சைக்கிளை நிறுத்துவாரே, அது.

இப்போது நான் செய்வதைச் சொல்லிவிடுகிறேன், பிடித்தால் எடுத்துக்கொள். மெஷினை ஏழு நாள் சராசரிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன், ஒற்றை நாள் எண்ணை யாரிடமும் சொல்வதில்லை. எண்ணெய்க்கு மறுபடி ஸ்பூன். காபிக்குச் சர்க்கரை இல்லை. முதல் பத்து நாள் கசந்தது, இப்போது டிகாக்ஷன் வாசனை நன்றாகவே தெரிகிறது. காலையில் முட்டை அல்லது சுண்டல், அது இருந்தால் பதினொரு மணிப் பசி அவ்வளவு கடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை இட்லிக்குத் தொட்டுக்கொள்ள நம்ம ஊர்க் கடப்பா உண்டு, அதை யாருக்காகவும் விடமாட்டேன். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துகிற வேலை இனிமேல் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவதைப் பத்துப் பத்தாக மூன்று தரம். ஜனவரியில் நாலாவதில் மூச்சு வாங்கியது. வீட்டில் யாராவது மறுபடி விழுந்து, மறுபடி ஆஸ்பத்திரி நாற்காலி வந்தால் அப்போதும் எடை ஏறும். அதனால் அப்படி ஒரு நாள் வந்தால் வார்டு வராந்தாவிலேயே முப்பது நிமிஷம் நடப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். மிச்சம் எப்படிப் போனாலும் போகட்டும்.

நீ மெஷினைக் கீழே இறக்க வேண்டாம். நிஜமாகத்தான் சொல்கிறேன், அது அங்கேயே தூசி படியட்டும். ஆனால் நாளைக் காலை ரேஸ் கோர்ஸுக்குப் போ. இளநீர்க் கடையோடு திரும்பாமல் முழுச் சுற்று. ஐந்தரைக்கு நான் கூப்பிடுவேன், நீ அங்கே, நான் இங்கே, பேசிக்கொண்டே நடப்போம். நீ கூப்பிட்டாலும் இந்தத் தடவை எடுப்பேன்.

இந்த வாரத்துக்குள் மூன்று மாதச் சர்க்கரை டெஸ்ட் எடுத்துவிடு. அந்த எண்ணை மட்டும் எனக்கு அனுப்பு. 6.2-ஐ விடக் கூடியிருந்தாலும் அனுப்பு. மறைக்காதே, நான் மறைத்தது போதும்.

அம்மாவுக்கு என் வணக்கம். தினமும் படுக்கப் போகும்முன் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லு. பார்வை தெரியவில்லை என்றால் நீ பார்.

உன்
தையு

பி.கு: என் நாலடுக்கு டிபன் கேரியர் பொள்ளாச்சிக் கல்யாணத்துக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். மூடி இருக்கிறதா?